வேலியை எங்கே போடுவது? ஆளைப் பறிகொடுத்த ஒரு கோவை முதலாளிக்கு

கேள்வி: கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஆட்டோமேஷன் கம்பெனி நடத்துகிறேன். மெஷின்களுக்கு மின் கட்டுப்பாட்டுப் பேனல் செய்வது, அவற்றை ஓட்டுகிற சின்ன கம்ப்யூட்டருக்கு (பி.எல்.சி.) புரோகிராம் எழுதுவது, மில்களில் பொருத்தி ஓட்டிக்காட்டி (கமிஷனிங்) முடித்து பிறகு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) பார்ப்பது எங்கள் வேலை. மொத்தம் 24 பேர், கணக்கு என் மனைவி பார்க்கிறார். உடுமலைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 14 மாதமாகத் தங்கி வேலை பார்த்த என் இன்ஜினியரை அந்த மில்லே எடுத்துக்கொண்டது. அவனுக்காக மில்லுக்கு மாதம் 90,000 பில் போட்டு, அவனுக்கு 32,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மில்லில் 48,000. அடுத்த இரண்டு மாதத்துக்குள் பீளமேட்டில் இருக்கும் ஒரு போட்டிக் கம்பெனி இன்னும் இரண்டு பேரை இழுத்துவிட்டது. ஒருவன் போய்விட்டான், இன்னொருவனுக்கு இந்த மாதம் 30 கடைசி நாள். எல்லோரும் நான் கைபிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்த டிப்ளமோ பையன்கள். சேரும்போதே மூன்று வருட பாண்டு, ‘விலகினால் இரண்டு வருடம் இதே தொழிலில் சேரமாட்டேன்’ என்று 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். கேஸ் போடலாமா? எங்கள் தொழிலில் இருக்கும் ஏழெட்டு முதலாளிகள் கூடி, ஒருத்தர் ஆளை ஒருத்தர் எடுப்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளவும் யோசிக்கிறோம். பையனின் அப்பாவைப் பார்த்துப் பேசலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் பீரோவைத் திறந்து அந்த ஒரிஜினல் சர்டிபிகேட்களை எடுத்து உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். போனவர்களுக்கு மட்டும் இல்லை, இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிற மற்றவர்களுக்கும்தான். மார்க் ஷீட் அந்தப் பையனுடைய சொத்து. அதை அடகு மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் உங்களுக்கு உரிமை கொடுக்கவில்லை. நாளைக்கு அவன் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்தால், ஆளைப் பறிகொடுத்தவர் என்ற அனுதாபம் போய் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்த முதலாளி என்ற பெயர்தான் உங்களுக்கு மிஞ்சும். தேதி போடாத செக் ஏதாவது வாங்கி வைத்திருந்தால் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் சர்டிபிகேட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செக்கும் வாங்குவார்கள்) அதையும் கொடுத்துவிடுங்கள். உண்மையான கடன் ஒன்று இருந்தால்தான் செக் கேஸே நிற்கும்.

அடுத்தது அந்த 100 ரூபாய் பத்திரம். ‘இரண்டு வருடம் இதே தொழிலில் சேரமாட்டேன்’ என்று எழுதி வாங்கியிருக்கிறீர்களே, அதன் மதிப்பு அந்த 100 ரூபாய்தான், அதுவும் எழுதிய பிறகு தேறாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலையோ வியாபாரத்தையோ வேலையையோ செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று நேராகச் சொல்லிவிட்டது. தொழிலின் நற்பெயரோடு சேர்த்து ஒருவர் தன் வியாபாரத்தை விற்கும்போது மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் ‘தடை நியாயமான அளவில் இருக்கிறதா’ என்று கோர்ட் எடைபோட்டுப் பார்க்கும். நம் ஊரில் வேலையை விட்ட பிறகும் தொடர்கிற தடைக்கு அந்த எடைபோடுதலே கிடையாது, இரண்டு வருடமானாலும் இரண்டு மாதமானாலும் ஒன்றுதான். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பர மேலாண்மை நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டிப்போடப் பார்த்தபோது, 2006இல் உச்ச நீதிமன்றம் இதே 27ஆம் பிரிவைக் காட்டி அந்த ஷரத்து செல்லாது என்றது. பெரிய வக்கீல்களை வைத்து வாதாடியவர்களுக்கே அதுதான் கதி.

இப்படிச் சொன்னால் யாராவது ஒருவர் 1967 தீர்ப்பைக் கொண்டுவந்து நீட்டுவார், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். டயருக்குள் பலத்துக்காக வைக்கிற டயர் கார்டு நூல் தயாரிக்கிற ஒரு ஆலை, வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து ரகசியம் காக்கும் நிபந்தனையோடு தொழில்நுட்பம் வாங்கி, கோலிகரி என்ற ஷிப்ட் சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுத்து, ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. அவர் பாதியிலேயே விட்டுவிட்டு அதே நூலைத் தயாரிக்கிற ராஜஸ்தான் ஆலைக்குக் கூடுதல் சம்பளத்தில் போய்விட்டார். உச்ச நீதிமன்றம் தடை சரி என்றது. ஆனால் எதுவரைக்கும்? அந்த ஐந்து வருடம் முடிகிற வரைக்கும்தான். ஒப்பந்தக் காலத்துக்குள் போடுகிற தடை வேறு, அதற்கு அப்பால் நீள்கிற தடை வேறு. உங்கள் பையன்கள் முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுகிறவர்கள். இருக்கிற பி.எல்.சி. புரோகிராமிங்கும் யாரிடமும் ரகசிய நிபந்தனையோடு விலைக்கு வாங்கிய தொழில்நுட்பம் இல்லை. கோலிகரி தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்காது.

மூன்று வருட பாண்டு கொஞ்சம் வேறு. ‘வேறு எங்கும் சேராதே’ என்பதற்கும் ‘குறிப்பிட்ட காலத்துக்கு முன்னால் விலகினால் இவ்வளவு பணம் கொடு’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று சொன்னது, அதிலிருந்து வக்கீலான எனக்கு ‘சார், பாண்டு செல்லுமாமே’ என்று வாரத்துக்கு ஒரு போன் வருகிறது. செல்லும்தான். ஆனால் அது பொதுத்துறை வங்கி, இந்தியா முழுக்க விளம்பரம் கொடுத்துத் தேர்வு நடத்தி ஆளெடுக்கிற செலவைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொண்டது, கட்ட வேண்டியவரும் நல்ல சம்பளம் வாங்கிய அதிகாரி. உங்கள் விஷயத்தில் ‘நான் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தேன்’ என்பதற்கு என்ன ரசீது இருக்கிறது? ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அதை மீறாமல் நியாயமான ஈடு எதுவோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். பையனை புனேவுக்கோ பெங்களூருக்கோ மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ட்ரைவ் செய்யும் கம்பெனியின் பயிற்சிக்கு அனுப்பி, கட்டணம், ரயில், லாட்ஜ் என்று 70,000 செலவு செய்தீர்களா, பில் எல்லாம் வைத்திருக்கிறீர்களா, அப்போது அந்த 70,000க்கு ஒன்றரை அல்லது இரண்டு வருட பாண்டு போடுங்கள், மாதத்துக்கு மாதம் தொகை குறைந்துகொண்டே வரட்டும். அது நியாயமாகவும் இருக்கும், கோர்ட்டில் நிற்கவும் நிற்கும். சேருகிற எல்லோரிடமும் பொத்தாம்பொதுவாக எழுதி வாங்குகிற பாண்டு நல்ல பையன்களை உங்கள் வாசலுக்கே வரவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான். அது போக, 70,000க்காக நீங்கள் ஒரு சிவில் கேஸ் நடத்தினால் எனக்குக் கொடுக்கிற ஃபீஸ் அதைத் தாண்டிவிடும். என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், ஆனால் உண்மை அதுதான்.

ஆக, போன பையன்கள் மேல் கேஸ் வேண்டாம். மில் மேல் போட முடியுமா என்றால், மில்லோடு நீங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் இதைப்பற்றி ஒரு வரி இருந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஏ.எம்.சி. காகிதத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் பார்ட்ஸ் எவ்வளவு, எத்தனை விசிட், பேமெண்ட் எத்தனை நாளில் என்று இருக்கிறதே ஒழிய, ஆள் விஷயமாக ஒரு எழுத்துகூட இல்லை.

நீங்கள் மட்டும் என்று இல்லை, என்னிடம் வருகிற சின்னக் கம்பெனிகள் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தவறுகின்றன. வேலியைப் பையன் கழுத்தைச் சுற்றிப் போடுகிறார்கள், வாடிக்கையாளர் பக்கம் திறந்த வெளியாக விட்டுவிடுகிறார்கள். சட்டமோ நேர் எதிராக இருக்கிறது: பையன் பக்கம் போடுகிற வேலி நிற்காது, வாடிக்கையாளர் பக்கம் போடுகிற வேலி நிற்கும்.

2006இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விப்ரோவுக்கும் பெக்மன் கோல்ட்டருக்கும் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பெக்மன் கோல்ட்டர் வெளிநாட்டு நிறுவனம், மருத்துவப் பரிசோதனைக் கருவிகள் செய்கிறவர்கள். இந்தியாவில் அவர்களுக்கு ஏஜென்டாக விப்ரோ பல வருடம் இருந்தது. ஒருவருடைய ஊழியரை இன்னொருவர் தூண்டி இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் வரைக்கும், என்று இருவருக்கும் ஒரு ஷரத்து. அப்புறம் அந்த வெளிநாட்டுக் கம்பெனி ‘நாங்களே நேரடியாக வருகிறோம்’ என்று கிளம்பி, பேப்பரில் ஆள் தேவை விளம்பரம் கொடுத்தது. இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் வேறு யார் இருக்கப்போகிறார்கள், விப்ரோ ஆட்கள்தான் போனார்கள். இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான அந்த ஷரத்து 27ஆம் பிரிவில் அடிபடாது, அது ஊழியரின் கையைக் கட்டவில்லை, கம்பெனியின் கையைத்தான் கட்டுகிறது என்றது கோர்ட். ஆனால் போன ஆட்களைத் திரும்ப அனுப்ப முடியாது, நஷ்டத்துக்குப் பணமாகத்தான் ஈடு கேட்க முடியும், இனிமேல் இழுக்காதே என்று தடுக்கலாம். கோர்ட் அதிகபட்சம் செய்யக்கூடியது இதுதான் என்று வைத்துக்கொண்டு உங்கள் ஒப்பந்தத்தை எழுதுங்கள்.

அதாவது, ‘எடுக்கவே கூடாது’ என்று முறுக்கிக்கொண்டு எழுதுவதைவிட ‘எடுத்தால் இவ்வளவு’ என்று விலை போட்டுவிடுங்கள். மில்காரருக்கும் அதுதான் புரிகிற பாஷை. கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

“இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போதும், முடிந்து 12 மாதங்கள் வரையிலும், வாடிக்கையாளரோ அவருடைய துணை நிறுவனங்களோ, அவருக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்களோ, இந்தப் பணியில் ஈடுபட்ட எங்கள் ஊழியரை நேரடியாகவோ வேறு வழியிலோ பணியில் அமர்த்தினால், மாற்று ஆள் தேடும் செலவு, பயிற்சிச் செலவு, இடைக்கால வருவாய் இழப்பு ஆகியவற்றுக்கு ஈடாக அந்த ஊழியருக்கான நான்கு மாதப் பணிக்கட்டணத்தை 30 நாட்களுக்குள் எங்களுக்குச் செலுத்துவார். ஊழியர் தாமாக விண்ணப்பித்திருந்தாலும் இது பொருந்தும்.”

அந்த ‘தாமாக விண்ணப்பித்திருந்தாலும்’ என்ற வரி முக்கியம், இல்லாவிட்டால் ‘நாங்கள் கூப்பிடவே இல்லை, அவனேதான் வந்து கேட்டான்’ என்பார்கள், அதைப் பொய் என்று நிரூபிக்க நீங்கள் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள். துணை நிறுவனம், கான்ட்ராக்டர் இரண்டையும் சேர்த்திருப்பதும் காரணத்தோடுதான். மில்லின் பெயரில் எடுக்காமல் அதே குடும்பத்தின் காற்றாலைக் கம்பெனி பெயரில் எடுத்துவிட்டு மில்லில் ஈரப்பதம் காக்கிற அதே ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் உட்கார வைத்த கதையை நானே பார்த்திருக்கிறேன்.

நான்கு மாதம் என்பது எங்கிருந்து வந்தது? உங்கள் கணக்குப்படி அது 3,60,000. ஆள் தேடிக்கொடுக்கிற கன்சல்டன்சிகள் பொதுவாக ஒரு மாதச் சம்பளம், அதாவது வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம் வாங்குவார்கள். புதுப் பையன் தனியாக சைட்டில் நிற்கிற அளவுக்குத் தேற ஆறு மாதமாவது ஆகும், அதுவரைக்கும் அவனுக்குச் சம்பளமும் கொடுத்து, கூடவே உங்கள் சீனியர் ஒருவரையும் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும். கோபத்தில் 20 லட்சம் என்று எழுதினால் 74ஆம் பிரிவில் வெட்டிவிடுவார்கள், அதற்கு முன்னால் மில்லின் பர்சேஸ் மேனேஜரே வெட்டிவிடுவார். ஆள் அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் பாதித் தொகை போதும் என்று ஒரு சலுகை வைத்தால் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும். கட்டணத்துக்கு வரி எப்படி என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கொட்டேஷனில் இந்த ஷரத்தை அழகாக அடித்து அனுப்புவீர்கள், அவர்கள் அதைப் படிக்காமலே தங்கள் பி.ஓ.வை (பர்சேஸ் ஆர்டரை) அனுப்புவார்கள், அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எங்கள் நிபந்தனைகள் மட்டுமே பொருந்தும்’ என்று இருக்கும், நீங்களும் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் வேலையை ஆரம்பித்துவிடுவீர்கள். முடிந்தது கதை. பி.ஓ.வில் உங்கள் கொட்டேஷன் எண்ணும் ‘அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்ற சொல்லும் வர வேண்டும், அல்லது ஏ.எம்.சி.யைத் தனி ஒப்பந்தமாக இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய மில்கள் சிலது ஒத்துக்கொள்ளாது. அப்போது தொகையைக் குறைத்துக் கேளுங்கள், அதுவும் நடக்காவிட்டால் குறைந்தபட்சம் மூன்று மாத முன்னறிவிப்பாவது கேளுங்கள், அதுவும் இல்லை என்றால் அந்த மில்லுக்கு உங்கள் நல்ல ஆளை நிரந்தரமாக அனுப்பாதீர்கள்.

இவ்வளவு சொல்கிற நானும் ஒரு முறை ஏமாந்தவன்தான். நான்கு வருடம் என்னிடம் இருந்த ஜூனியரை, நான் ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கிற ஒரு கம்பெனியே தங்கள் சட்ட அலுவலராக எடுத்துக்கொண்டது. என்னோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நானே டைப் செய்தது, ஆள் எடுப்பது பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண் இப்போதும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறாள், அந்தக் கம்பெனியின் வேலையும் அவள் மூலமாகவே எனக்குத் தொடர்ந்து வருகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏழெட்டு முதலாளிகள் கூடிப் பேசி வைத்துக்கொள்கிற யோசனை. தயவுசெய்து வேண்டாம். வாடிக்கையாளரோடு நீங்கள் போடுகிற ஷரத்து ஒரு உண்மையான வேலை ஒப்பந்தத்தின் துணை விதி, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரே தொழிலில் இருக்கிற போட்டியாளர்கள் கூடி ‘உன் ஆளை நான் எடுக்கமாட்டேன், என் ஆளை நீ எடுக்காதே’ என்பது அந்தப் பையன்களின் சம்பளத்தை ஏறவிடாமல் கூட்டாகப் பிடித்து வைப்பது. 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் போட்டியாளர்களின் கூட்டுச் சதிக்கு இடமில்லை. அமெரிக்காவில் இதைச் செய்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி என்று பெரிய கம்பெனிகளே ஒருவருக்கொருவர் போன் போட்டு ஆள் எடுக்காமல் இருப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். 2010இல் அந்நாட்டு அரசின் நீதித் துறை அமைச்சகம் பிடித்தது, பிறகு சுமார் 64,000 ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில் இந்த நான்கு கம்பெனிகளும் 2015இல் 41.5 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். அவர்களுக்கு எதிராக நின்ற சாட்சி அவர்களுடைய சொந்த ஈமெயில்கள். உங்கள் ஏழெட்டுப் பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், சட்டத்தை விடுங்கள். இந்த மாதிரிப் பேச்சுவார்த்தை ஆறு மாதம் தாங்காது. பெரிய ஆர்டர் ஒன்று வந்தவுடன் முதலில் மீறுகிறவர் அந்தக் கூட்டத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தவராகத்தான் இருப்பார்.

பீளமேட்டுக் கம்பெனிக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மரியாதையாக ஒரு கடிதம். இன்னார் 30ஆம் தேதி வரை எங்கள் பணியில் இருக்கிறார், எங்கள் வாடிக்கையாளர்களின் புரோகிராம், வரைபடம், விலை விவரம் எல்லாம் எங்கள் ரகசியம், அவற்றை அவரிடம் கேட்கவோ பயன்படுத்தவோ வேண்டாம், அவ்வளவுதான். மிரட்டல் தொனி வேண்டாம்.

உண்மையில் ஆளைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது இந்தத் தகவல் விஷயத்தில்தான். வேலை நேரத்தில் உங்கள் ஊழியர் எழுதிய பி.எல்.சி. புரோகிராமுக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி நீங்கள்தான் உரிமையாளர். சரி, உரிமை உங்களுடையது, புரோகிராம் எங்கே இருக்கிறது? பையனின் லேப்டாப்பில், அவன் சொந்த ஜிமெயிலில், அவன் பென்டிரைவில். பாஸ்வேர்டு அவன் தலைக்குள். அவன் போனபிறகு மில்லில் இரவு இரண்டு மணிக்குப் பிளான்ட் நின்றால் நீங்கள் யாருக்குப் போன் போடுவீர்கள்? அவனுக்குத்தான். மில்லும் அதே காரணத்துக்காகத்தான் அவனை எடுத்தது. பேனல் உங்களுடையதாக இருந்தாலும் பேனலைப் புரிந்தவன் அவன் ஒருத்தன் மட்டும் என்று ஆனபோதே மில் உங்கள் கம்பெனியை விட்டுவிட்டு அவனை வாங்கத் தயாராகிவிட்டது. ஒவ்வொரு சைட்டின் கடைசி பேக்கப்பும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை நீங்கள் பார்க்க வேண்டும், மாற்றம் செய்தவர் என்ன மாற்றினார் என்று நான்கு வரி எழுதி வைக்க வேண்டும். ஒரு சைட்டைக் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. 14 மாதம் அந்தப் பையன் உடுமலையில். மில் கேன்டீனில் சாப்பாடு, மில் குவார்ட்டர்ஸில் அறை, மில் மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை, ஆயுத பூஜைக்கு மில்லில் பொரி சுண்டல். இந்த 14 மாதத்தில் நீங்கள் அவனைப் பார்க்க எத்தனை முறை போனீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை, எழுதாததிலிருந்தே தெரிகிறது. அவன் மனசளவில் உங்களை விட்டு எப்போதோ போய்விட்டான், சம்பள ரசீதில் பெயர் மாறியது மட்டும்தான் இப்போது நடந்தது. அதோடு, மாதாமாதம் பில்லை யார் மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தது? அவன்தான் என்று நினைக்கிறேன். 90,000 என்று எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கப் போகிற 32,000 சம்பளக்காரன் என்ன நினைப்பான்? நடுவில் இருக்கிற 58,000இல் உங்கள் பங்கு பி.எஃப்., அவன் அறை, டூல்ஸ், சீனியரின் விசிட், ஆபீஸ் வாடகை, மில் 90 நாள் இழுத்தடிக்கிற பணத்துக்கு நீங்கள் பேங்கில் கட்டுகிற ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) வட்டி எல்லாம் இருக்கிறது. யாராவது அவனை உட்காரவைத்து இதைச் சொன்னார்களா? சொல்லுங்கள். மீதி லாபம் இவ்வளவு என்றும் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சம்பளம் குறைவு என்று அர்த்தம்.

எந்த சைட்டிலும் ஒரே ஆளை நான்கு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், இரண்டு பேரைச் சுழற்றுங்கள். மில் முதலில் முணுமுணுக்கும், பிறகு பழகிவிடும். 24 பேருக்கும் சந்தைச் சம்பளம் கொடுக்க உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். போனால் கம்பெனியே ஆடிப்போகும் என்கிற நான்கைந்து பேர் யார் என்று நீங்களும் உங்கள் மனைவியும் (கணக்கு அவர்கள்தான் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், யார் யார் கிளம்பப்போகிறார்கள் என்பது அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்) ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களுக்கு இரண்டு வருடம் முடிந்தால் ஒரு தொகை, நான்கு வருடம் முடிந்தால் அதைவிடப் பெரிய தொகை என்று எழுத்தில் கொடுங்கள். பெற்றோரையும் சேர்த்த குழு மருத்துவக் காப்பீடு எடுங்கள், அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த மாதத்தில் அந்தப் பையனிடம் யாராவது 10,000 அதிகம் தருகிறேன் என்று வந்தால் அவன் இரண்டு தரம் யோசிப்பான்.

உங்கள் பையன்கள் டிப்ளமோ என்பதால் உங்களிடம் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பி.ஈ. படிக்கிற வசதி கோவையில் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. மாதிரிக் கல்லூரிகளில் நீண்ட காலமாகவே உண்டு, சாயங்கால வகுப்பு. இப்போது என்ன நிபந்தனை என்று கல்லூரியிலேயே விசாரித்துவிட்டு, நல்ல பையன் ஒருவனுக்குக் கட்டணத்தில் பாதியைக் கம்பெனி கட்டட்டும், அந்த நாட்களில் ஐந்து மணிக்கு விட்டுவிடுங்கள், வெளியூர் சைட் கொடுக்காதீர்கள். படிப்பு முடிகிறவரை அவன் கோவையை விட்டு நகரமாட்டான், எந்த மில்லும் அவனை ஐந்து மணிக்கு அனுப்பாது. கட்டிய பணத்துக்கு முறையாக ஒரு பாண்டும் போட்டுக்கொள்ளலாம், அதற்கு ரசீது இருக்கிறது பாருங்கள்.

அப்பாவைப் பார்க்கப் போகாதீர்கள். 26 வயதுப் பையன் அவன், அவனுடைய சம்பளம் ஒன்றரை மடங்கு ஆனதில் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அங்கே போய் நீங்கள் என்ன பேசுவீர்கள்?

அதற்குப் பதிலாக உடுமலை மில் ஜி.எம்.மைப் போய்ப் பாருங்கள். கோபமில்லாமல். ‘ஆளை எடுத்துக்கொண்டீர்கள், பரவாயில்லை, ஆனால் எனக்கு ஒரு கை போய்விட்டது, ஏ.எம்.சி.யை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுங்கள், அடுத்த யூனிட்டின் பேனல் ஆர்டரில் என்னைக் கூப்பிடுங்கள், இந்த ஒரு ஷரத்தையும் இனிமேல் சேர்த்துக்கொள்வோம்’ என்று கேளுங்கள். அவர்களுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தல் இருக்கும், இந்த மாதம் கேட்டால் கிடைக்கும், அடுத்த வருடம் கேட்டால் கிடைக்காது. அந்த மில்லில் இப்போது எலக்ட்ரிக்கல் பக்கம் உட்கார்ந்திருப்பது உங்கள் பேனலை நன்றாகத் தெரிந்த, உங்களிடம் தொழில் கற்ற ஒரு பையன். நீங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாத வரைக்கும் அவன் உங்கள் ஆள்தான். என் ஜூனியரைப் பற்றி முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

30ஆம் தேதி போகிறவன் விஷயம். அவனுடைய கணக்கைப் பிடித்து வைக்காதீர்கள், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரிலீவிங் லெட்டரை அன்றைக்கே கையில் கொடுங்கள். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால், 22 அல்லது 23ஆம் தேதி வாக்கில், அவன் பார்த்த சைட்களுக்கு அவனையும் புதுப் பையன் ஒருவனையும் உங்கள் காரிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பேனல் முன்னாலும் நின்று பேக்கப் எடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், ஏன் போகிறான் என்று அப்போது கேளுங்கள். நடுவில் பேசாமல் கேளுங்கள்.